பச்சைத் தோல் வாங்கப் போகிறீர்களா? முதல் நாலு மணி நேரம்தான் கணக்கு

பதனிடுவதற்கென்று நான் முதன்முதலில் வாங்கியது பன்னிரண்டு வெள்ளாட்டுப் பச்சைத் தோல், அதாவது உரித்தபடியே இருக்கும் தோல். தெரிந்த கறிக்கடையில் சொல்லிவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் போய் எடுத்துவிட்டேன். சாக்கில் திணித்துக் கட்டி, ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக்கொண்டு கிளம்பினால், வழியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வீடு வந்து சேர மணி மூன்று. சாக்கை அவிழ்த்துக் கையை விட்டேன், உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. புத்தகத்தில் போட்டிருந்த அளவுக்கு உப்பு போட்டு, அழகாக அடுக்கி, ஒரு வாரம் கழித்துத் தோல் மண்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் காட்டினேன். வயிற்றுப் பக்கம் நாலு முடியைப் பிடித்து இழுத்தார். வெண்ணெயிலிருந்து வருவதுபோல் வந்தது. “தம்பி, உப்பு நல்லாத்தான் போட்டிருக்கே. ஆனா கெட்டுப்போன தோலுக்குப் போட்டிருக்கே” என்றார். பன்னிரண்டில் ஏழு குப்பைக்குப் போனது.

உப்பு கெடுவதை நிறுத்தும். கெட்டதைச் சரிசெய்யாது. தோல் பதனிடுவதைப் பற்றித் தேடினால் ஆவாரம்பட்டை, கடுக்காய், குரோம் என்று பதனிடும் சரக்குகளைப் பற்றி எக்கச்சக்கமாகக் கிடைக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய கட்டத்தை, அதாவது நல்ல தோலைப் பார்த்து எடுப்பதையும் தொட்டிக்குப் போகும்வரை காப்பாற்றி வைப்பதையும் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அதற்குத்தான். முடி நீக்கத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி வந்ததும் நிறுத்திக்கொள்வேன்.

எதில் ஆரம்பிப்பது

வெள்ளாட்டுத் தோல். யோசிக்கவே வேண்டாம். ஒரு தோல் நாலிலிருந்து ஆறு சதுர அடி வரும், ஒரே ஆள் தூக்கிப் புரட்டலாம், மெல்லியது என்பதால் உப்பு சீக்கிரம் உள்ளே இறங்கும். நார்கள் நெருக்கமாகப் பின்னியிருப்பதால் சின்னத் தவறுகளையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

செம்மறியாடு அடுத்த கட்டம். குளிர்நாட்டுக் கம்பளி ஆடுகளின் தோலில் கொழுப்பும் கம்பளி வேர்களும் அதிகம், தோலின் நடு அடுக்கு தொளதொளவென்று இருக்கும். நம் ஊர்ச் செம்மறிகளில் பெரும்பாலானவை முடி ஆடுகள், அதனால் தோல் அதைவிட இறுக்கம். சேலம், ஈரோடு பக்கத்து மேச்சேரி ஆட்டின் தோலுக்கு வியாபாரத்தில் தனி மரியாதையே உண்டு. என்றாலும் வெள்ளாட்டோடு ஒப்பிட்டால் செம்மறித் தோல் எளிதில் கிழியும்.

மாடு, எருமைத் தோலை முதல் வருடம் தொடாதீர்கள். ஈரத்தோடு ஒரு எருமைத் தோலைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். கழுத்துப் பகுதியின் தடிமனுக்குள் உப்பு இறங்குவதற்குள் நடுப்பகுதி அழுகத் தொடங்கிவிடும். பழகிய கைகளுக்கே சில நேரம் தப்பிவிடுகிறது.

எங்கே, எப்போது

கறிக்கடையில் நேரடியாக வாங்குவதுதான் நல்லது. பெரும்பாலான கடைகளின் தோலை ஒரு வியாபாரி மொத்தமாக எடுத்துக்கொண்டிருப்பார். அதனால் முந்தைய நாளே கடைக்காரரிடம் பேசிவைக்க வேண்டும். அறுக்கிற நேரத்துக்குப் போய் நின்றுவிடுங்கள். ஞாயிறு காலை ஐந்து மணிக்குப் போனால் தோல் உரிவதைக் கண்ணால் பார்க்கலாம். எத்தனை மணிக்கு உரித்தது என்று யாரையும் கேட்டு நம்ப வேண்டியதில்லை.

நம் ஊர் வெயிலில், உரித்த மூன்று நான்கு மணி நேரத்துக்குள் உப்பு பட்டாக வேண்டும். பச்சைத் தோலில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்டத் தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதம். அதோடு ரத்தம், சாணம், உடம்புச் சூடு எல்லாம் சேர்ந்தால் பாக்டீரியாவுக்குக் கல்யாண விருந்துதான் (என் விஷயத்தில் நிஜமாகவே). தோலைச் சுருட்டிச் சாக்கில் அடைத்தால் சூடு வெளியேற வழியே இல்லை. விரித்துப் போட்டுக் கொண்டுவர இடமில்லை என்றால் இரண்டு தோல் மட்டும் வாங்குங்கள். பன்னிரண்டு வேண்டாம்.

ஊர்த் திருவிழாக் கிடா வெட்டில் நிறையத் தோல் கிடைக்குமே என்று தோன்றும். அங்கே ஒரு சிக்கல். தென் மாவட்டங்களில் பல இடங்களில் ஆட்டைத் தோலோடு தீயில் வாட்டித்தான் கறி போடுவார்கள். தோல் வேண்டும் என்றால் முன்பே சொல்லிவைக்க வேண்டும், அதுவும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தோலோடு வாட்டிய கறியின் ருசி அப்படி. பக்ரீத் அன்று நிலைமை தலைகீழ். ஒரே நாளில் குர்பானித் தோல்கள் குவியும். பலர் மதரசாக்களுக்குத் தானமாகக் கொடுப்பார்கள். விலை குறைவாகவும் கிடைக்கும். ஆனால் அன்றைக்கு உரிப்பவர்களில் பாதிப்பேர் வருடத்துக்கு ஒருமுறை கத்தி பிடிப்பவர்கள், வெட்டுக்காயம் அதிகம் இருக்கும். உப்பை ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தோலைப் பார்க்கும் விதம்

முதலில் உயிரோடு இருக்கும் ஆட்டைப் பாருங்கள், முடிந்தால். நடுத்தர வயது, நல்ல உடம்பு, பளபளப்பான முடி இருந்தால் தோலும் அப்படித்தான் இருக்கும். பல ஈற்று ஈன்ற ஆட்டின் வயிற்றுத் தோல் தொளதொளத்துப் போயிருக்கும். வயதான கிடாவுக்குக் கழுத்து தடித்து, கொம்புக் கீறலும் முட்டிய தழும்புமாக இருக்கும். பஞ்ச காலத்து எலும்பும் தோலுமான ஆட்டிலிருந்து வருவது காகிதம் மாதிரிதான்.

உரித்த தோலை எடுத்ததும் முடிப்புறத்தைப் பாருங்கள். உள்ளங்கையை முடிக்கு எதிர்த்திசையில் தடவினால் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் கைக்குத் தெரியும். உண்ணி கடித்த முடிச்சு, சொறி, அம்மைத் தழும்பு, முள் கீறல். சீமைக்கருவேலங்காட்டில் மேய்ந்த ஆடு என்றால் முள் கீறல் இல்லாத தோலே கிடைக்காது. ஆறிய கீறல் என்றாலும் முடி நீக்கிய பிறகு கோடாக நிற்கும். அம்மைத் தழும்பு இன்னும் மோசம். முடி இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, பதனிட்டு முடித்து மெருகு போடும்போது புள்ளி புள்ளியாகப் பல்லிளிக்கும். மாட்டுத் தோலில் இந்தப் பட்டியல் நீளும். சூடு போட்ட தழும்பு, நுகத்தடி அழுத்திய காய்ப்பு, தார்க்குச்சி ஆணி குத்திய ஓட்டைகள், அண்மை வருடங்களில் தோல் கழலை நோயின் வட்டங்கள்.

இனி திருப்பிச் சதைப்புறம். நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். ஏனென்றால் ஆட்டின் குறைகள் முடிப்புறத்தில் இருக்கும், மனிதன் செய்த குறைகள் சதைப்புறத்தில் இருக்கும். தோலை இரண்டு கையாலும் விரித்து வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். கத்தி ஆழமாக இறங்கிய இடம் வெளிச்சமாகத் தெரியும். அது ஓட்டை இல்லை, ஆனால் இழுத்தால் அங்கேதான் கிழியும். ஒரு ஓட்டையைவிட இந்த மாதிரி அரைகுறை வெட்டுகளுக்குத்தான் நான் பயப்படுவேன். ஓட்டையைச் சுற்றி வெட்டிக்கொள்ளலாம், இது பணப்பையாகத் தைத்த பிறகு வாய் பிளக்கும்.

நல்ல உரிப்பாளி கத்தியை ஆரம்பக் கோடுகளுக்கு மட்டும்தான் எடுப்பார். தாடையிலிருந்து வயிற்று நடுவழியாக வால்வரை ஒரு கோடு, கால்களின் உட்புறம் வழியாக அதோடு சேரும் நாலு கோடுகள். மற்றதெல்லாம் முஷ்டி வேலை. சூடு இருக்கும்போதே தோலுக்கும் சதைக்கும் நடுவில் கையை விட்டுத் தள்ளினால் தானாகக் கழன்று வரும். நீங்கள் வாங்குகிற கடையில் அப்படி ஒருவர் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். தோலுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்தாலும் லாபம்தான்.

கடைசியாக, பெரியவர் செய்த சோதனை. வயிறு, அக்குள், வால் அடி மூன்று இடத்திலும் முடியைப் பிடித்து இழுங்கள். வலுவாக நிற்க வேண்டும். கழன்று வந்தால் முடி வேரில் அழுகல் தொடங்கிவிட்டது, முடிக்கடியில் இருக்கும் மெல்லிய மேல்முகம் போய்விட்டது என்று பொருள். சதைப்புறம் பச்சையாகவோ நீலமாகவோ மாறியிருந்தாலும், வழவழப்பாகக் கையில் ஒட்டினாலும், அம்மோனியா வாடை மூக்கில் ஏறினாலும் அதேதான். விலை பேச வேண்டாம், நகர்ந்துவிடுங்கள்.

செத்த ஆட்டைத் தொடாதீர்கள்

நோயில் தானாகச் செத்த ஆடு மாட்டின் தோலை “சும்மா எடுத்துக்கோங்க” என்று கொடுப்பார்கள். வேண்டாம். அடைப்பான் நோய் (ஆந்த்ராக்ஸ்) தோல், முடி வழியாக மனிதருக்கு வரும். திடீரென்று விழுந்து செத்து, மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கருரத்தம் வடிந்திருந்தால் அந்த உடலைக் கத்தியால் தொடவே கூடாது. திறந்தால் கிருமியின் விதைகள் காற்றுப் பட்டு மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். உப்பு போட்டாலும் சாகாது. கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். நல்ல தோலைக் கையாளும்போதும் ரப்பர் கையுறை போடுங்கள். கையில் காயம் இருந்தால் அன்றைக்கு வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

நிழலில், சிமெண்ட் தரையில் விரித்துச் சூடு ஆற விடுங்கள். நல்ல குளிர்ந்த தண்ணீரில் ரத்தத்தையும் சாணத்தையும் அலசுங்கள். ஊறப்போடக் கூடாது, அலசல் மட்டும். ரத்தம் தங்கினால் கறை விழும், சாணம் தங்கினால் அந்த இடத்தில் முதலில் அழுகும். கழுவியதும் அரை மணி நேரம் ஒரு கம்பின்மேல் போட்டுத் தண்ணீரை வடிய விடுங்கள்.

அடுத்தது சதை, கொழுப்பு நீக்கல். வழவழப்பான பிவிசி குழாயையோ வளைவான மரத்தையோ சாய்த்து வைத்து, அதன்மேல் முடிப்புறம் கீழாகப் போட்டு, மொட்டையான கத்தியின் முதுகால் தள்ளுங்கள். கொழுப்பு இருக்கிற இடத்தில் உப்பு இறங்காது, அவ்வளவுதான் காரணம். காது, உதடு, வால் எலும்பு, குளம்பை ஒட்டிய துண்டுகள், மடிக் காம்பு எல்லாவற்றையும் வெட்டி எறியுங்கள். அவையெல்லாம் அழுகல் தொடங்கும் வாசல்கள்.

தோலை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னங்காலில் ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கட்டி, தேதியும் எடையும் எழுதுங்கள். எல்லாத் தோலும் ஞாபகம் இருக்கும் என்று நினைப்பீர்கள். மூன்றாவது வாரம் ஒன்றும் ஞாபகம் இருக்காது.

உப்பு

கல்லுப்பு வாங்குங்கள், தூத்துக்குடியோ வேதாரண்யமோ மரக்காணமோ, எந்த உப்பளத்து உப்பானாலும் சரி. ஆனால் அப்படியே போடாதீர்கள். பெரிய கற்கள் தோலில் எல்லா இடமும் படாது, அடுக்கின் பாரத்தில் குழி வேறு விழும். தூள் உப்பும் உதவாது. பட்டவுடன் கரைந்து, உள்ளே இறங்குவதற்குள் வடிந்து ஓடிவிடும். நொய்யரிசி அளவு, அதாவது ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர்தான் பதம். உரலில் இரண்டு இடி இடித்தால் போதும்.

உப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூட்டைக்கு அடியில் நீர் கசிந்தால் அது புது உப்பு, மக்னீசியம் அதிகம். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், தோல் காயாது. வடித்து வைத்த பழைய உப்புதான் நல்லது. செம்மண் கலந்த உப்பு கூடவே கூடாது. மண்ணில் இருக்கும் இரும்பு தோலில் தங்கி, பிறகு ஆவாரம்பட்டைச் சாறோ கருவேலம்பட்டைச் சாறோ பட்டவுடன் கறுப்புக் கறையாகும். அந்தக் காலத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்துத்தானே எழுதும் மை காய்ச்சினார்கள், அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. இரும்புத் தட்டு, இரும்பு வாளி எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

அளவு, தோல் எடையில் குறைந்தது நாற்பது சதவீதம். புதியவர்கள் பாதிக்குப் பாதி போட்டுவிடுங்கள். கழுவி வடித்த தோல் 1.8 கிலோ என்றால் உப்பு 900 கிராம். அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாள், மீதி மறுநாள்.

சாய்வான சிமெண்ட் தரையில் ஒரு மரப்பலகை, அதன்மேல் ஒரு கை உப்பு தூவி, தோலை முடிப்புறம் கீழாக விரியுங்கள். சதைப்புறத்தில் முதுகுத்தண்டுக் கோட்டில் உப்பைக் கொட்டி, உள்ளங்கையால் ஓரத்தை நோக்கித் தேய்த்துக்கொண்டு போங்கள். வெறுமனே தூவினால் போதாது. கழுத்தில் இரண்டு மடங்கு. ஓரங்கள் உள்பக்கம் சுருண்டுகொள்ளும், ஒவ்வொன்றையும் விரலால் பிரித்து உப்பு வையுங்கள். நான் பார்த்த கெட்டுப்போன தோல்களில் பெரும்பாலானவை இந்தச் சுருண்ட ஓரத்தில்தான் ஆரம்பித்தன. முதல் தோல் முடிந்ததும் அடுத்ததை அதன்மேல் அதே மாதிரி. கடைசித் தோலை மட்டும் சதைப்புறம் கீழாகக் கவிழ்த்து மூடுங்கள்.

அரை மணி நேரத்தில் இளஞ்சிவப்பு நீர் ஒழுகத் தொடங்கும். உப்பு தோலின் தண்ணீரை இழுக்கிறது, நல்ல அறிகுறி. அது அடுக்குக்கு அடியில் தேங்காமல் ஓட வேண்டும், சாய்வு அதற்குத்தான். ஓடுவதை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் அடுக்கைப் பிரியுங்கள். மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே. உப்பு கரைந்து வெறுமையாகத் தெரியும் இடங்களில் மீதி உப்பைத் தேயுங்கள். அப்புறம் ஐந்திலிருந்து ஏழு நாள் தொடாமல் விடலாம். மாட்டுத் தோல் என்றால் இதுவே மூன்று வாரம்வரை போகும்.

பதம் வந்ததா என்று பார்க்க, தோலை மடித்து நன்றாகப் பிழியுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வரக்கூடாது. சதைப்புறம் வெளுத்து, கரையாத உப்புக் கற்கள் அங்கங்கே மின்ன வேண்டும். அழுத்தி மடித்தால் கோடு அப்படியே நிற்கும். வாடை இருக்கும், ஆனால் அது கறிக்கடை வாடையாக இருக்க வேண்டும், சாக்கடை வாடையாக இருக்கக் கூடாது.

ஒருமுறை போட்ட உப்பை உதறி மறுபடி போடும் சிக்கனம் வேண்டாம். உப்பிலேயே வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. ஏற்கெனவே தோலில் போட்ட உப்பில் அவை பெருகி, அடுத்த தோலின் சதைப்புறத்தில் சிவப்பு, ஆரஞ்சுத் திட்டுகளாகப் படரும். பார்த்த உடனே வீசியெறிய வேண்டியதில்லை, ஆனால் அந்தத் தோலை அன்றைக்கே ஊறப்போட்டு வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

உப்பு இல்லாமல் முடியாதா

முடியும். மரச்சட்டத்தில் கயிற்றால் இழுத்துக் கட்டி, நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாள் காய வைக்கலாம். பாறையிலோ மொட்டை மாடித் தரையிலோ வெயிலில் போடுவதுதான் பலரும் செய்கிற தவறு. மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிடும், உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு அழுகும். தவிர, ஈரத்தோடு இருக்கும் பச்சைத் தோலின் கொலாஜன், அதாவது அதன் நார்ப் புரதம், சுமார் 60 டிகிரியிலேயே சுருங்கிவிடும். சித்திரை வெயிலில் ஒரு பாறை அந்தச் சூட்டை நெருங்குவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அப்படி வெந்த இடத்தை எவ்வளவு ஊறவைத்தாலும் இளகாது. காய்ந்த தோலுக்கு வண்டு அரிப்பும் உண்டு. எனக்குக் காய்ந்த தோல் பிடிக்காது, வேறு வழியில்லாத ஊருக்கு அது சரி.

ஒன்றிரண்டு தோல்தான் என்றால், வீட்டில் சம்மதித்தால், ஃப்ரீசர். சூடு முழுக்க ஆறிய பிறகு சதைப்புறம் உள்ளே வைத்து மடித்து, தடித்த பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டுங்கள். சூடாகச் சுருட்டி வைத்தால் ஓரம் உறையும், நடுப்பகுதி அழுகும். பை மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், கறி என்று நினைத்து யாராவது எடுத்துவிடப் போகிறார்கள்.

மண்டியில் உப்புத் தோல் வாங்கினால்

சென்னை பெரியமேட்டிலோ ஈரோட்டிலோ உப்புத் தோலாகவே வாங்கலாம். எடைக்கு வாங்கினால் உப்பை உதறச் சொல்லிவிட்டு எடை போடுங்கள். கட்டின் மேலிருக்கும் இரண்டு தோலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பாருங்கள். முடி இழுக்கும் சோதனை இங்கேயும் அதே மூன்று இடத்தில்தான்.

வைத்திருப்பதும் எடுப்பதும்

பதமான தோலைச் சதைப்புறம் உள்ளே வைத்து மடித்து, தரையில் படாமல் மரப்பலகைமேல், வெயிலும் மழைச் சாரலும் வராத அறையில் வையுங்கள். நம் சீதோஷ்ணத்தில் மூன்று மாதத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உப்பு காற்றின் ஈரத்தைக் குடித்து மறுபடி ஒழுகும். அப்போது வாரம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

சரி, அந்தத் தொட்டியில் பிடித்த உப்புத் தண்ணீர். அதைத் தென்னைக்கோ கிணற்றடிக்கோ ஊற்றாதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பாலாற்றங்கரை நிலமும் கிணறும் உவர்த்துப் போன கதையில், தோலிலிருந்து வெளியேறிய உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் இந்தத் தோல் தொழிற்சாலைக் கழிவுகள் பற்றித்தான். நமது பத்துத் தோல் ஆற்றைக் கெடுக்காது, ஆனால் நம் வீட்டுக் கிணற்றைக் கெடுக்கும். அகலமான பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி மாடியில் வைத்தால் நாலு வெயிலில் வற்றி உப்பு மிஞ்சும். அதைச் சாக்கில் கட்டித் தனியே வையுங்கள்.

ஊறப்போடும் முன்னும் இதே கவனம்தான். தோலை ஒரு பிளாஸ்டிக் விரிப்பின்மேல் நன்றாக உதறி, ஒட்டியிருக்கும் கற்களை நார்த் துடைப்பத்தால் தட்டி எடுங்கள். பிறகு எடையைப் போல நாலைந்து மடங்கு தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, அந்த முதல் தண்ணீரையும் கிணற்றடியில் ஊற்றாமல் அப்புறப்படுத்திவிட்டுப் புதுத் தண்ணீர் மாற்றுங்கள். உப்புத் தோல் ஒரே இரவில் இளகிவிடும். காய்ந்த தோல் இரண்டு மூன்று நாள் கேட்கும், அதற்கு நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் மாற்ற வேண்டும்.

காலையில் எடுத்துக் கையில் தொங்கவிட்டுப் பாருங்கள். உரித்த அன்று எப்படித் துவண்டு தொங்கியதோ அப்படித் தொங்க வேண்டும். வயிறு முதலில் இளகிவிடும், கழுத்து கடைசியாகத்தான் இளகும். கழுத்தை மடித்து விரலால் அழுத்துங்கள், உள்ளே விறைப்பு தட்டுப்பட்டால் இன்னும் ஆறு மணி நேரம் தண்ணீரிலேயே கிடக்கட்டும். அதற்கப்புறம்தான் சுண்ணாம்பு.